ஜொவிட்டா எழுதிய ரிப்போர்ட்

எழுபத்திரண்டாவது நிமிடத்தில் தௌசீஃப் கோலுக்கு முன்னால் விழுந்தபோது, அவனை யாருமே தொடவில்லை என்பதை ஜொவிட்டா பத்தடி தூரத்தில் நின்று பார்த்தாள். விசில் ஊதினாள். பெனால்டிதான் என்று அடையாறு மைதானத்தின் ஒரு பக்கம் முழுக்க எழுந்து குதித்தது. அவள் எடுத்ததோ மஞ்சள் கார்டு, நடித்ததற்காக. அவனுக்கு அது இரண்டாவது மஞ்சள். அடுத்த நொடியே சிவப்பைக் காட்டி அவனை வெளியே போகச் சொன்னாள்.

சாந்தோம்காரி. முப்பத்தொரு வயது. ஏழு வருடமாகப் பெண்கள் ஆட்டங்களுக்கும் பள்ளிக்கூட ஆட்டங்களுக்கும் நடுவராக இருந்தவளுக்கு, ஆண்கள் கால்பந்து லீகில் பெரிய ஆட்டம் கிடைத்தது அன்றுதான். அதுவும் வரவேண்டிய நடுவருக்குக் காய்ச்சல் என்பதால். உடை மாற்ற அறை கிடையாது. சுண்ணாம்பு மூட்டைகள் கிடந்த ஸ்டோர் ரூமில், தாழ்ப்பாள் இல்லாத கதவை முதுகால் அடைத்துக்கொண்டு மாற்றினாள். முதல் பாதி முழுக்க அவள் விசில் ஊதும்போதெல்லாம், "அக்கா, குக்கர்ல எத்தினி விசில் ஆச்சு?" என்று ஒரு குரல் கேட்க, கூட்டம் சிரித்தது.

சிவப்பு கார்டைப் பார்த்ததும் தௌசீஃபின் அணி மேனேஜர் கபாலி கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார்.

"இன்னாமே, கண்ணு தெரியலையா? பெனால்டி குடுக்காம கார்டு காட்டிக்கினு கீற!"

"சார், வெளிய போங்க."

"நீ போமே வெளிய! ஊட்டுக்குப் போய் மீன் கழுவு!"

சொன்னதோடு நிற்கவில்லை. வலது தோளில் கை வைத்துத் தள்ளினார். ஜொவிட்டா மல்லாக்க விழுந்தாள். எங்கோ ஒருவன் சிரித்தான், சிரிப்பு பரவியது. அவள் எழுந்து, அவருக்கும் சிவப்பு கார்டைக் காட்டினாள். முழங்கை தோலுரிந்து ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்தது. மிச்ச நேரத்தையும் ஓடி முடித்தாள்.

ஆட்டம் முடிந்து ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தபோது கால்பந்து சங்கத்தின் செயலாளர் அப்துல் சமத் பக்கத்தில் வந்து நின்றார்.

"தள்ளினாருன்னு எழுதாதம்மா. வாக்குவாதம்னு போடு."

"கீழ விழுந்தேன் சார்."

"பாத்தேன். அதனாலதான் சொல்றேன். இது பெருசாச்சுன்னா இனிமே எந்தப் பொண்ணுக்கும் ஆம்பளைங்க மேட்ச் குடுக்க மாட்டாங்க. உன் நல்லதுக்குத்தான்."

ஜொவிட்டா எழுதினாள்: 'அணி மேனேஜர் கபாலி என் தோளில் கை வைத்துத் தள்ளினார். நான் கீழே விழுந்தேன்.' கையெழுத்துப் போட்டு, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கொடுத்தாள்.

அவள் வேலை பார்த்தது தி.நகரில் ஒரு தனியார் இன்சூரன்ஸ் அலுவலகத்தில். வேன் சர்வீஸ் நடத்திவந்த கபாலியின் நாற்பது வேன்களும் அங்கேதான் இன்சூர் ஆகியிருந்தன. திங்கட்கிழமை காலை மேனேஜர் ஜெஃப்ரி கூப்பிட்டார்.

"ஒரு லெட்டர் எழுதி ரிப்போர்ட்ட வாபஸ் வாங்கிடு. பிரமோஷன் லிஸ்ட்ல உன் பேரு இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ. உனக்கு எதுக்கு இந்த ஆம்பளைங்க கூட்டம்?"

"நீங்க கிரிக்கெட் ஆடி கால ஒடிச்சுக்கிட்டப்போ ஆபீஸே பழம் வாங்கிட்டு வந்து பாத்துச்சு. அப்போ யாரும் உங்கள இப்படிக் கேக்கலையே சார்?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற?"

அவர் கணினியைப் பார்க்கத் தொடங்கினார்.

இரண்டு வாரம் கழித்து மயிலாப்பூரில் சங்க அலுவலக மாடியில் விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து ஆண்கள். அன்று லைன்ஸ்மேனாக இருந்த உமர் ஃபாரூக்கை முதலில் கேட்டார்கள். ஆட்டம் முடிந்த கையோடு அவள் முழங்கைக்கு பஞ்சு வைத்துக் கட்டியவர் அவர்தான்.

"நான் அப்போ வேற பக்கம் பாத்துட்டிருந்தேன் சார்," என்றார். அவள் பக்கம் திரும்பவே இல்லை. ஜொவிட்டாவுக்கு விழுந்தபோது வலிக்காத இடமெல்லாம் இப்போது வலித்தது.

"கூட்டத்துல எவனோ இட்ச்சிருப்பான்," என்றார் கபாலி. "நான் பொம்பள மேல கை வெப்பேனா சார்? எங்கூட்லயும் பொண்ணு கீது."

கடைசியாக தௌசீஃப். தலை குனிந்தபடி வந்து நின்றான்.

"நான் நடிச்சதுதான் சார். கார்டு கரெக்ட். அண்ணன் தள்ளினாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"டேய், இன்னாடா சொல்ற?"

"பாத்தத சொல்றேன்ணா."

படிக்கட்டில் ஜொவிட்டா அவனை நிறுத்தி நன்றி சொன்னாள்.

"உங்களுக்காவ சொல்லலக்கா," என்றான் எரிச்சலோடு. "பொம்பள ரெஃப்ரி எனக்கும் புடிக்கல. எங்கம்மா அன்னிக்கு மேட்ச் பாக்க வந்திருந்தாங்க. அவங்க பாத்துட்டாங்க. பொய் சொல்லிட்டு அவங்க கையால சோறு துன்ன முடியாது." இரண்டிரண்டு படியாக இறங்கிப் போய்விட்டான்.

கபாலிக்கு மூன்று மாதத் தடை விதித்தார்கள். தடை முடிந்து அவர் வந்த நாளில் யாரோ மாலை போட்டார்கள். தௌசீஃபை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். பிரமோஷன் லிஸ்ட்டில் ஜொவிட்டாவின் பெயர் காணாமல் போனது. வேளச்சேரி கிளையில் பழைய ஃபைல்கள் கிடக்கும் அறைக்கு அவளை மாற்றினார்கள். காரணத்தை எழுத்தில் தரும்படி தலைமை அலுவலகத்துக்கு எழுதினாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள்.

சங்கம் அவளுக்கு நான்கு மாதம் ஆட்டமே தரவில்லை. பிறகு மே மாதத்தில், மதியம் இரண்டு மணிக்கு, யாரும் போக விரும்பாத கடைசி டிவிஷன் ஆட்டம் ஒன்று வந்தது. போனாள்.

ஒரு கேப்டன் கை கொடுக்கவில்லை. தலையா பூவா என்று அவள் கேட்டதற்கு, லைன்ஸ்மேனைப் பார்த்து, "தலை சார்," என்றான்.

"என்கிட்ட சொல்லு," என்றாள் ஜொவிட்டா. "இல்லன்னா டாஸ் அவங்களுக்கு."

வேர்வை வழிய நின்றவன், "தலை," என்றான். கூடவே பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கெட்ட வார்த்தை. மெதுவாகத்தான் சொன்னான். அவளுக்குக் கேட்டது.

ஆட்டம் தொடங்கும் முன்பே மஞ்சள் கார்டை எடுத்துக் காட்டி, அவன் நம்பரைக் குறித்துக்கொண்டாள்.