கன்னத்தில் ஒட்டிய பட்டை

பல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர் எங்களைக் கூப்பிட்டபோது கடுகு என்னைப் பார்க்காமலே எழுந்தாள். பதினைந்து வயது மகளை இன்னும் கடுகு என்றுதான் கூப்பிடுகிறேன். பொரிவதும் அப்படித்தான் பொரிவாள், முன்பெல்லாம்.

இரண்டு வருடமாக அவளுக்குத் தாடையிலும் நெற்றிப்பொட்டிலும் வலி. பல்லில் சொத்தையில்லை, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. போன வருடம் கணக்குப் பரீட்சையன்று காலையில் நான் சொல்லிவிட்டேன்: "உனக்கு நாள் பார்த்துத்தான் வலிக்குது." அதற்குப் பிறகு வலியைப் பற்றி அவள் என்னிடம் வாய் திறக்கவில்லை. தட்டில் கடினமானதை ஒதுக்கிவைப்பதைப் பார்த்து நானாகத் தெரிந்துகொள்வேன்.

வளரும் பிள்ளைகளின் தீராத வலிக்கும் தூக்கத்தில் பல் நறநறப்பதற்கும் தொடர்பு உண்டா என்று இந்தக் கல்லூரியில் ஆராய்கிறார்கள் என்றதும் அவள் பெயரைக் கொடுத்தேன். பத்து நாட்கள். தூங்கும்போது தசையின் அசைவைப் பதிய கன்னத்தில் ஒரு பட்டை. தலைமாட்டில் ஒலிப்பதிவுக் கருவி. காலையில் எவ்வளவு வலி என்று நோட்டில், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண். எண்ணை எனக்குக் காட்டாமல் நோட்டை மூடிவிடுவாள்.

பல் நறநறத்தால் போதும், காரணம் கிடைத்துவிடும் என்று இருந்தேன். இல்லாவிட்டால், நடிக்கிறாள் என்று இங்கேயும் சொல்லிவிட்டால்? அதை முதலில் சொன்னவளே நான்தான் என்பது உள்ளே குடைந்தது.

"ஒலிப்பதிவுல பத்து நாளும் நறநறப்பு கேக்குது," என்றார் ஆய்வாளர். எனக்கு மூச்சு வந்தது. "ஆனா பட்டையில ஒண்ணுமே இல்ல. இவ தசை அசையவே இல்லம்மா. கருவிய எங்க வச்சீங்க?"

"என் தலையணை பக்கத்துல. இவ தூக்கத்துல கைய வீசுவா, தட்டிவிட்டுருவாளோன்னு..."

"அது அம்மா," என்றாள் கடுகு. "தினமும் ஜல்லி உடைக்கிற மெஷின் மாதிரி அரைப்பாங்க."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா உடனே நம்பிருவியாக்கும்!"

ஆய்வாளர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்போ இவளுக்கு வலி?"

"வலி நிஜம்." திரையைப் பார்க்காமல், கடுகைப் பார்த்துச் சொன்னார். "தாடையில மட்டுமில்ல, கட்டைவிரல்லயும் கருவி வச்சு அழுத்திப் பார்த்தோம். மத்தவங்க தாங்குறதுல பாதியிலயே இவளுக்கு வலிக்குது. பல் நறநறக்காமலும் இப்படி வலிக்கும். நரம்பு ரொம்ப உஷாராயிடுச்சு, அவ்வளவுதான். அதை அடக்கப் பயிற்சி இருக்கு. நாளாகும், ஆனா குறையும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்களும் ஒருநாள் வந்து பல்லைக் காட்டுங்க."

கடுகின் தோள்கள் கீழே இறங்கின. இத்தனை நாளாக அவை காதுகளுக்குப் பக்கத்தில் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். வெயில் இதமாக இருந்தது.

"அன்னைக்குப் பரீட்சை காலையில நான் சொன்னது தப்புடி."

அவள் காலணி நுனியால் ஒரு கல்லை உருட்டினாள். பேருந்து ஒன்று வந்து போனது. எங்களுடையது இல்லை.

"அம்மா."

"என்னடி?"

"இப்ப ஆறு."

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. நோட்டை மூடி மறைத்த அந்த எண் என்று புரிந்ததும் அவள் தோளிலிருந்த புத்தகப் பையை வாங்கி மாட்டிக்கொண்டேன். எத்தனை கனம்!