ஏ.சி. கேஸ் இரண்டு டப்பா

என் மனைவி ஜெயபாரதிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கரண்ட் வைக்கிறார்கள், அதாவது கதிர்வீச்சு; ஞாயிறு தவிர தினமும் போக வேண்டும். பாதியில் நிறுத்தினால் எல்லாம் வீண் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இந்தச் சித்திரை வெயிலில் எங்கள் கார் ஏ.சி. வெறும் அனலைத்தான் விட்டது.

"இந்த வேக்காட்டுல இனி என்னால வர முடியாதுங்க" என்று சொல்லிவிட்டாள்.

மெக்கானிக் வெள்ளியங்கிரி காரை இரண்டு நாள் விடச் சொன்னார். வாடகைக் காரில் இவள் ஏற மாட்டாள். வழியில் வாந்தி வரும், அடுத்தவன் வண்டி என்று கூசுவாள். நிட்டிங் மெஷினையே பிரித்துப் பூட்டுகிறவனுக்கு ஏ.சி. எம்மாத்திரம் என்று ஆன்லைனில் கேஸ் டப்பா இரண்டும், குழாயும் மீட்டரும் வாங்கினேன்.

ஞாயிறன்று, கார் எப்போதும் நிற்கிற இடமான, நிட்டிங் மெஷின்கள் ஓடும் என் செட்டின் வாசலிலேயே வைத்து ஒரு டப்பாவை ஏற்றினேன். குளிரவில்லை. அடுத்ததையும் ஏற்றினேன். மீட்டர் முள் சிவப்புக்குப் போனது. நான் பார்க்காத சிவப்பா! கம்ப்ரசர் கடகடவென்று கத்திவிட்டு நின்றுபோனது.

வேறு வழியில்லாமல் வெள்ளியங்கிரியிடமே விட்டேன். இரண்டு நாள் ஆஸ்பத்திரி போகவில்லை.

அவர் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து பில்டரை உருவினார். தலையணை போலப் பஞ்சு அடைத்திருந்தது.

"காத்து வர்றதுக்கு வழியே இல்லீங்களேண்ணா. கேஸ் என்னங்க பண்ணும்?"

எல்லாம் என் செட்டுப் பஞ்சுத்தூசி. மெஷின்களுக்குத் தினமும் காற்றடித்துத் தூசி ஓட்டுகிறவன், வாசலில் நின்ற காரை நினைக்கவே இல்லை. சிரிப்போ கோபமோ வந்திருக்க வேண்டும். எதுவும் வரவில்லை. கட்டி என்று சொன்ன நாளிலிருந்தே எனக்குள் எல்லாம் மரத்துக் கிடக்கிறது.

கம்ப்ரசர், பில்டர் எல்லாம் புதிதாகப் போட்டு, வீட்டு வாசலில் ஏ.சி.யை ஓடவிட்டு அவளைக் கூப்பிட்டேன். வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

"நல்லா குளுகுளுன்னு இருக்குதுங்க."

"அப்பப் போலாமா?"

"வேண்டாங்க."

நான் ஏ.சி. காற்றை அவள் முகத்துக்கு நேராகத் திருப்பினேன்.

"ரெண்டு நாளும் ரசஞ்சோறு உள்ள எறங்குச்சுங்க. நல்லாத் தூங்குனேன். வெயிலுன்னு சொன்னதெல்லாம் ஒரு சாக்குங்க. அங்க போறதுதான் எனக்கு ஆகல. நீங்க டப்பாவோட மல்லுக்கட்டிட்டு இருந்தீங்க, சொல்ல மனசு வரலீங்க."

"பாதில நிறுத்துனா..."

"தெரியுமுங்க. சித்த நேரம் இப்படியே உக்காந்துக்கறனுங்க."

சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஏ.சி. சத்தமே இல்லாமல் ஓடியது. காரில் சரிபண்ண இனி ஒன்றும் பாக்கி இல்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.