குளிர் அடித்தது

பீகாரில் மதுவிலக்கு வந்த பிறகு பேலாடீஹ் கிராமத்தில் யாரும் குடித்துச் சாவதில்லை. குளிர் அடித்துத்தான் சாகிறார்கள். குடித்தான் என்று வாய்விட்டுச் சொன்னால் போலீஸ் வரும், அதனால்தான். சாராயம் விற்கிறவனைப் பிடிக்க ஜீப் வேண்டும், தைரியம் வேண்டும். குடித்தவனைப் பிடிக்க ஒரு மூக்கு போதும்.

சுனைனாவின் கணவன் ராமாஷிஷ் ஏற்கெனவே ஒரு தடவை மாட்டியவன். அவனை வெளியே கொண்டுவர வீட்டிலிருந்த எருமை போயிற்று. மறுபடி மாட்டினால் ஒரு வருடம் உள்ளே.

சங்கராந்திக்கு முந்தைய நாள் காலை. "ஏய், விளக்கைப் போடுடி" என்றான் ராமாஷிஷ். முற்றமெல்லாம் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. முந்தின ராத்திரி அவன் குடித்துவிட்டு வந்தது சுனைனாவுக்குத் தெரியும்.

கொழுந்தன் பிர்ஜு வண்டி கொண்டுவந்தான். "பௌஜி, டாக்டர் கேட்டா குளிர் அடிச்சிடுச்சுன்னு சொல்லிடு."

"எனக்குத் தெரியாதா? நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு."

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் ராமாஷிஷின் கண்ணை விரித்துப் பார்த்தார். "குடிச்சானா?"

"இல்லைங்க. குளிர் அடிச்சிடுச்சு."

"இங்க பாரும்மா, கள்ளச்சாராயம்னா வைத்தியமே வேற. இப்பவே ஆரம்பிக்கணும். சொல்லு."

வாசலில் ஒரு போலீஸ்காரர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"அவர் அதைத் தொடவே மாட்டாருங்க."

பக்கத்துக் கட்டிலில் புருஷனைக் கிடத்தியிருந்த அதே ஊர் லால்முனி தலையில் அடித்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரர் குடிச்சாருங்க. எங்க வேணா கொண்டுபோய் அடைச்சுக்கோங்க, ஆள் பிழைச்சாப் போதும்."

பைத்தியக்காரி, புருஷனைக் காட்டிக் கொடுத்துவிட்டாளே என்று சுனைனா நினைத்தாள். டாக்டர் அவளை விட்டு லால்முனி பக்கம் ஓடினார். ராமாஷிஷ் சுனைனாவின் கையைத் தடவிப் பிடித்து, "நீ கெட்டிக்காரிடி" என்றான். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. பொழுது சாய்வதற்குள் போய்விட்டான்.

பயமுறுத்தத்தானே சட்டம்? நன்றாகத்தான் பயமுறுத்தியது.

லால்முனியின் கணவன் பிழைத்தான். பார்வை பாதிதான் திரும்பியது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். மனுப் போட்டு ஜெயிலில் அவனைப் பார்க்கப் போகும் நாளில் லால்முனி அவலும் வெல்லமும் முடிந்துகொண்டு சுனைனாவின் வாசல் வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போவாள்.

"எப்படி இருக்கார்?" என்று ஒருநாள் கேட்டாள் சுனைனா.

"எப்படி இருப்பார்? ஜெயில் ரொட்டி வேகலையாம். அதுக்கும் என்னைத்தான் திட்டுறார்."

சுனைனா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, முந்தானையை வாயில் திணித்தபடி அழுதாள். ஜெயிலில் கிடப்பவனின் பெண்டாட்டியைப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது.