எங்க, எத்தனை மணிக்கு

பெரம்பலூர், அரியலூர் இரண்டு ஊரிலும் சேர்த்து, எப்படி வாழ வேண்டும் என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லாத மனிதன் நான் ஒருவன்தான். 2005-இல் எனக்கு இதில் சந்தேகமே இருந்ததில்லை. அப்போது பெரம்பலூரில் பி.ஏ. மூன்றாம் வருஷம். நான்கு அரியர்.

ஆகவே, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில் ‘வாழ்க்கைப் பயிற்சியாளர் - ஓய்வு, இழப்பு, இடமாற்றம்’ என்ற போர்டைப் பார்த்ததும், ஹாஸ்டல் டேக்கு நான் போட வேண்டிய கேலி நாடகத்துக்குக் கதை கிடைத்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். உள்ளே போக ஒரு இழப்பு தேவைப்பட்டது. அப்பாவைக் கூட்டிப்போனேன்.

அப்பா வெள்ளைச்சாமிக்கு அரியலூர் பக்கம் கிணற்றோடு மூன்று ஏக்கர் இருந்தது. சித்திரையில் அதைச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு எழுதிக்கொடுத்தார். அதிலிருந்து விடியற்காலம் எழுந்து, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். எங்கே போவதென்று தெரியாது. சாப்பாடு பாதியாகிவிட்டது. “இப்புடியே போனா ஆளு தேறாதுடா” என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

பயிற்சியாளர் திருமுருகன் சார், ரிட்டயர்டு டிராயிங் மாஸ்டர். நான் எதிர்பார்த்த பிரசங்கம் ஒன்றும் வரவில்லை.

“தினம் காலைல, இன்னிக்கு என்ன செய்யப் போறீங்கன்னு ஒருத்தர்கிட்ட வாய்விட்டுச் சொல்லுங்கய்யா. கேக்குறவரு ‘எங்க, எத்தனை மணிக்கு’ன்னு மட்டும் கேக்கணும். யாருகிட்ட சொல்றீங்க?”

அப்பா என்னைக் காட்டினார்.

மறுநாளிலிருந்து காலை ஆறரைக்கு ஹாஸ்டல் போன் அடிக்கும்.

“தம்பி, இன்னிக்கு ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போறேன்.”

“ஆட்டுக்கிட்ட சொல்லிட்டியாப்பா? அதுவும் ரெடியாவணும்ல.”

பின்னால் பத்துப் பேர் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். ஆனால் விடாமல் கூப்பிட்டார். நாடகத்தில் துண்டு கட்டிக்கொண்டு நானே அப்பாவாக நடித்தேன். முதல் பரிசு கொடுத்தார்கள்.

ஆவணிக் கடைசியில் ஒருநாள் அவர் குரலில் புதிதாகத் தெம்பு இருந்தது.

“தம்பி, இன்னிக்கு மக்காச்சோளம் ஊணப் போறேன்.”

“ஊணு, ஊணு. பாப்கார்ன் மிஷினை நான் வாங்கியாறேன்.”

எங்கே என்று நான் கேட்கவில்லை.

கொடுத்த நிலத்தைக் கம்பெனி இன்னும் தோண்டவில்லை. முள்கம்பி மட்டும் போட்டிருந்தார்கள். மழை பெய்து மண் சும்மா கிடந்தால் அப்பாவுக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். கம்பிக்கு அடியில் குனிந்து போய்ச் செய்திருக்கிறார்.

ஐப்பசியில், பயிர் இடுப்பு உயரம் வந்தபோது ஜேசிபி வந்தது. அப்பா குறுக்கே போய் நின்றார்.

“பெரியவரே, வித்த காட்டுல யாரைக் கேட்டு வெதைச்சீங்க?” என்று டிரைவர் கேட்டானாம்.

“எம் மவங்கிட்ட சொல்லிட்டுத்தான் செஞ்சேன்.”

வாட்ச்மேன்கள் தூக்கி வந்து ரோட்டோரம் உட்கார வைத்தார்கள். அரை மணி நேரத்தில் பயிர் மண்ணுக்குள் போனது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அங்கேயே வலது கையும் காலும் விழுந்தன. பேச்சும் போனது. டாக்டர் திரும்ப வரும் என்று சொல்லவில்லை.

அம்மா ஒரே ஒரு தரம் கேட்டாள்: “நெதமும் போன்ல ஒங்கிட்ட என்னதான்டா பேசுனாரு?”

“சும்மாதாம்மா.”

கார்த்திகையில் ஒரு காலை, ஹாஸ்டல் பயல்கள் யாரும் பார்க்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு மாடிப்படி ஏறினேன். திருமுருகன் சார் அப்பாவை விசாரித்தார். எல்லாவற்றையும் சொன்னேன், நாடகம் உட்பட. அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

“இன்னிக்கு என்ன செய்யப் போறீங்க தம்பி?”

“அப்பாவைக் குளிப்பாட்டப் போறேன் சார்.”

“எங்க?”

“கெணத்தடி...” என்று ஆரம்பித்து நிறுத்தினேன். கிணறும் அந்த மூன்று ஏக்கரில்தான் இருந்தது. “வூட்டுப் பின்னால சார்.”

“எத்தனை மணிக்கு?”

“பன்னெண்டுக்கு. வெயில் ஏறுன பொறவு.”