மதம் இறங்கட்டும்

மூணாறு பஸ்ஸில் அந்தப் பாட்டு. டீக்கடையில் அதே பாட்டு. கோழி வெட்டுகிற இடத்திலும் அதுதான். என் தங்கை மாரித்தாய் கொழுந்து கிள்ளிக்கொண்டே பாடியதை அவள் மகன் அஜய் கிடாரோடு பாடிப் போனில் ஏற்றிவிட்டான். எங்கள் வீட்டுப் பெண் கட்டிய பாட்டைக் கண்டவனெல்லாம் பல் குத்திக்கொண்டே முணுமுணுப்பதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மதம் இறங்கட்டும் சாமி, மலை தூங்கட்டும்.
பாதை தெறக்கட்டும் சாமி, புள்ள வீடு வரட்டும்.

போன வருஷம் மதம் பிடித்த கொம்பன் யானை ஒன்று பள்ளிக்கூடப் பாதையை மறித்து நின்றது. அப்போது பாடியது இது என்பது எங்கள் எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரியும். தமிழில் யானையின் மதத்துக்கும் சாமி கும்பிடுகிற மதத்துக்கும் ஒரே எழுத்து. மலையாளத்தில் வேறு வேறு. பாட்டை மலையாளத்தில் எழுதிப் போட்ட எவனோ சாமி மதத்தைப் போட்டு, யானையை விட்டுவிட்டான்.

பிடித்தது சனியன். மதமே வேண்டாம் என்று பாடிய தொழிலாளிக்குப் பொன்னாடை போர்த்த வாசகசாலைக்காரர்கள் வந்தார்கள். அந்தத் துணியோடு அப்படியே திருப்பி அனுப்பினேன். எல்லா மதமும் பணிந்துபோனால்தான் சமாதானம் என்று ஒரு பாதிரியார் இதை வைத்துப் பிரசங்கமே செய்தாராம்.

கடைசியில் கோயில் கமிட்டி சுடலைமணி நான்கு பேரோடு வந்து, சொல்லாமலே என் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, மதம் இறங்கணும்னா என்ன அர்த்தம்? உங்க தங்கச்சி கோயில்ல வந்து மன்னிப்புக் கேக்கட்டும். இல்லைன்னா மொதக் கரகம் இனி எங்க வீட்டுல இருந்துதான் கெளம்பும்."

கங்காணியாக வந்த என் தாத்தா காலத்திலிருந்து மாரியம்மனுக்கு முதல் கரகம் எங்கள் வீட்டுடையது. இவன் கண் அதன்மேல் வெகுநாளாக இருக்கிறது.

"ஏலே, அது யானைக்குப் பிடிச்ச மதம்ல. கொம்பனப் பாத்து நீ கக்கூஸுக்குள்ள ஒளிஞ்சியே, அந்த மதம்."

கூட வந்தவர்களே சிரித்துவிட்டார்கள்.

"அத அக்கா கோயில்ல வந்து சொல்லட்டுமே."

"சொல்லுவா. யானை இல்லைன்னு அவ வாயால வந்தா, கரகத்த நானே தூக்கியாந்து உன் வாசல்ல வைக்கேன்."

வெள்ளிக்கிழமை மாரித்தாய் வேலைக்காட்டிலிருந்து நேராகக் கோயிலுக்கு வந்தாள்.

"அக்கா, பயப்படாம சொல்லுங்க. அது யானை மதமா, நம்ம மதமா?" என்றான் சுடலைமணி.

"ரெண்டும் இல்ல."

"பின்ன?"

அவள் என்னைப் பார்த்தாள். "எங்க அண்ணனுக்குப் பிடிச்ச மதம்."

எவனோ சிரிப்பை இருமலாக மாற்றினான்.

"எம்மக கிருத்திகா சர்ச்சுக்குப் போற அந்த வேதக்காரப் பையன் ரிஞ்சுவக் கட்டிக்கிட்டுப் போனா. லயத்துப் பாதையில கால வச்சா வெட்டுவேன்னு நின்னது ஆரு, கொம்பனா? எம்புள்ள வீடு வரட்டும்னு பாடுனேன். எல்லாரும் யானைன்னு நெனச்சீங்க. அண்ணனும் நல்லாருக்குன்னு தலையாட்டுனாரு."

"அப்ப மன்னிப்பு..." என்று இழுத்தான் சுடலைமணி.

"கேக்கேன். யானைகிட்ட கேக்கேன். பாவம், அதுக்கு மூணு மாசத்துல இறங்கிருச்சு."

கோயில் என்றும் பாராமல் சிரித்தார்கள். கிருத்திகா விஷயத்தில் நான் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை. அதேபோல் சுடலைமணியிடம் சொன்னதையும் மாற்ற முடியாது. மறுநாள் கரகச் செம்பைப் புளிபோட்டுத் துலக்கி, நானே சுமந்து போய் அவன் வாசலில் வைத்தேன். "காப்பி குடிச்சிட்டுப் போங்க அண்ணாச்சி" என்று இளித்தான். அந்த வீட்டுக் காப்பியை என் நாய்கூட நக்காது.

திருவிழா அன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். வருஷாவருஷம் கரகத்துக்கு முன்னால் பாதையில் நிற்பவன் நான். அன்று பாதையில் நான் இல்லை. பக்கத்து வீடுதான் மாரித்தாயுடையது, நடுவே ஒற்றைச் சுவர். மேளம் தாண்டிப் போன பிறகு அங்கே யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம். "அம்மா" என்றது ஒரு பெண் குரல். தொடர்ந்து மலையாளம் கலந்த ஆம்பிளைக் குரல் ஒன்று, தண்ணீர் கேட்டது.

எழுந்து போய் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

அதிலும் அந்தப் பாட்டு.