மூன்றாவது பொத்தானில் வைத்த மைக்

இசையமைப்பாளர் கோபத்தை விழுங்கினால் அவர் நெஞ்சிலிருந்து இசை கேட்டது. வாய்விட்டுக் கத்தியிருந்தால் கேட்டிருக்காது, ஆனால் அவர் கத்துகிற ஆள் இல்லை. முதன்முதலில் அது நடந்தது ஒரு தயாரிப்பாளரின் அறையில், ஏசி சுவரோரம் சொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில். படத்தை வெட்டி ஒட்டும்போது இயக்குநர்கள் வேறு ஏதோ படத்தின் இசையைத் தற்காலிகமாகப் போட்டு வைத்துக்கொள்வார்கள். வாரக்கணக்கில் அதையே கேட்டுக் கேட்டு அதன்மேல் பைத்தியமாகிவிடுவார்கள். பிறகு இசையமைப்பாளரைக் கூப்பிட்டு, "இதே மாதிரி வேணும், ஆனா இது மாதிரி இருக்கக் கூடாது" என்பார்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு வேண்டுகோளைச் சிரிக்காமல் முகத்தை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. இசையமைப்பாளர் தூக்கம் கெட்டு, சாப்பாடு மறந்து, பிரிவுக் காட்சிக்கு எழுதிக்கொண்டு வந்ததை இயக்குநர் அரை நிமிடம் கேட்டார், கொட்டாவி விட்டார், அதே வாக்கியத்தை மறுபடியும் சொன்னார். இசையமைப்பாளர் சிரித்துக்கொண்டே "சரி சார், பண்ணிடலாம் சார்" என்றார். அப்போது செல்லோ வாத்தியங்கள் அடிக்குரலில் ஆரம்பித்தன.

எல்லோரும் யாருடைய போன் என்று தேடினார்கள். மேசைக்கு அடியில்கூடப் பார்த்தார்கள். ஒலிப்பதிவாளர்தான் காதை வைத்து இடத்தைக் கண்டுபிடித்தார்: இசையமைப்பாளர் சட்டையின் மூன்றாவது பொத்தானுக்குப் பின்னால். அவர் தொழில் தெரிந்தவர், ஆச்சரியப்பட்டு நேரத்தை வீணாக்காமல் ஒரு மைக்கைக் கொண்டுவந்து பொத்தானுக்கு நேராக வைத்தார். கோபம் இறங்கும்வரை பதிவு செய்தார்கள். அந்த இசைதான் படத்தில் வந்தது, அந்த இசைக்காகத்தான் படம் ஓடியது. பத்திரிகைகள் அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடின. எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர்ந்தால் போதும் என்பதுதான் அங்கே சட்டம்.

அந்தத் தயாரிப்பாளருக்குச் சர்க்கரை என்று பெயர் வைத்திருந்தார்கள். யாரிடமும் அவர் குரல் உயர்ந்ததில்லை; ஆளைக் கழுத்தறுக்கும்போதும் "ராஜா" என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு ஒரு விஷயம் சட்டென்று பிடிபட்டது. இந்த மனுஷன் மேசையில் உட்கார்ந்து பென்சிலால் எழுதினால் மாதக்கணக்கில் இழுக்கும். அவமானப்படுத்தினால் அப்போதே வந்துவிடும். ஆகவே அதற்கென்று ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டார். ஒருங்கிணைப்பாளர் என்று அந்தப் பதவிக்குப் பெயர். இசையமைப்பாளரை வாசலில் காக்கவைப்பது, அவர் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வது, வயதில் சின்னப் பையன்களை விட்டு அவரை "யோவ்" என்று கூப்பிடச் சொல்வது, முடித்துக் கொடுத்த காட்சியை மறுநாளே வெட்டியெறிந்துவிட்டுப் புதிதாகக் கேட்பது, இவையெல்லாம் அந்த ஆளின் அன்றாட வேலை. போகப்போக எதைச் செய்தால் எது வரும் என்பதும் தெரிந்துபோனது. காக்கவைத்தால் புல்லாங்குழல். மரியாதையில்லாமல் பேசினால் எக்காளம். உழைப்பைக் குப்பையில் போட்டால் முழு இசைக்குழுவும் கிளம்பிவரும். சர்க்கரை தொலைக்காட்சித் தொடர்கள் எடுக்க ஆரம்பித்த பிறகு வாரத்தில் ஐந்து நாளும் கோபம் தேவைப்பட்டது. ஐந்து நாளும் ஏற்பாடு செய்தார்கள்.

இசையமைப்பாளருக்கு இது தெரியாமல் இல்லை. தெரியும், தெரிந்தேதான் போனார். பாராட்டு அவருக்குப் பிடித்திருந்தது, விருது பிடித்திருந்தது, சொந்த வீடு பிடித்திருந்தது. பென்சிலால் எழுதியவற்றை அலமாரிக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, காலையில் வயிற்றெரிச்சலோடு கிளம்பிப் போய், சாயங்காலம் துடைத்துவைத்த பாத்திரமாகத் திரும்பிவந்தார். அவர் அம்மா இறந்த அன்று மட்டும் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டார். சர்க்கரை அவர் தோளில் கைபோட்டு, "அம்மா இனிமே எங்கயும் போகப்போறதில்ல ராஜா. இந்த எபிசோடை முடிச்சுட்டுப் போங்க" என்றார். அன்றைக்கு வந்த வயலின்களை ஒலிப்பதிவாளர் பதிவு செய்தார். அந்தத் துண்டைத்தான் அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியின் எல்லாத் தொடர்களிலும், ஒரு பெண்ணின் கன்னத்தில் அறை விழும்போதெல்லாம் போட்டார்கள். அந்தத் தொடர்களில் அறைக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

கணக்கு டீச்சரான அவர் மனைவி முதலில் சந்தோஷப்பட்டாள். வீட்டில் எரிந்துவிழாத புருஷன் எத்தனை பேருக்குக் கிடைப்பான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டாள். அப்புறம்தான் விஷயம் உறைத்தது. பக்கத்து வீட்டுக்காரன் இவர்கள் ஜன்னலை அடைத்துச் சுவர் எழுப்பினான்; இவர் "விடு" என்றார். பள்ளிக்கூடத்தில் மகளை நாளெல்லாம் வெயிலில் நிறுத்திவைத்தார்கள், அதற்கும் "விடு". பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சண்டை போட்டது மனைவி. பக்கத்து வீட்டுச் சுவரில் குடையால் அடித்துக் குடையை உடைத்ததும் அவள்தான். "எவனோ ஒருத்தனுக்காக அங்க தினமும் கொதிக்கிறீங்க. எங்களுக்காக ஒரு தடவை கோவப்பட்டா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று கேட்டாள். அவர் கோபப்பட்டுப் பார்த்தார். உள்ளே கையைவிட்டுத் துழாவினால் ஒன்றும் அகப்படவில்லை. உள்ளதையெல்லாம் காலையிலேயே மைக்குக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

மகள் வளர்ந்து ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலைக்குப் போனாள், கல்யாணமும் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கையில் ஒரு பையோடு வந்து ஹாலில் உட்கார்ந்தாள். இடது கன்னம் வீங்கிக் கண்வரை ஏறியிருந்தது. மாப்பிள்ளை அடித்தான், முதல் தடவை இல்லை என்றாள். அவள் சொல்லி வாயை மூடவில்லை, தொலைக்காட்சியில் சர்க்கரையின் தொடரில் கதாநாயகிக்கு ஓர் அறை விழுந்தது. வயலின்கள் வீடு முழுக்கக் கதறின. அந்த வயலின்கள் யாருக்காக அழுதவை என்று அந்த ஹாலில் மூன்று பேருக்கும் தெரியும். அவை அடங்கின. பிறகு மகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"டிவில யாரோ ஒருத்திக்கு அறை விழுந்தா உன்கிட்டருந்து இவ்ளோ வருது. எனக்கு ஒண்ணுமே வரலையாப்பா?"

மனைவி எழுந்து வந்து அவர் சட்டையின் மூன்றாவது பொத்தானில் காதை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். "ஒண்ணுமில்ல. காலி டப்பா" என்றாள். இசையமைப்பாளர் வாயைத் திறந்தார். பழக்கதோஷம், "விடும்மா" என்றுதான் வந்தது. சொன்ன பிறகு அவருக்கே அது காதில் விழுந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

"விடமாட்டேன்" என்றாள் மகள். நடந்ததை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள், கதவைத் தாழ்போட்டது, தலைமுடியைப் பிடித்தது, மாமியார் அடுத்த அறையில் ரேடியோவைச் சத்தமாக வைத்தது. அவள் சொல்லச் சொல்ல எங்கோ முரசு அடிப்பதுபோலக் கேட்டது. துணி துவைக்கிற இயந்திரம் என்று நினைத்து மனைவி போய்ப் பார்த்தாள், அது ஓடவில்லை. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. கொம்புகள் சேர்ந்தன. அப்பாவுக்கு விழுங்கினால் வரும், இவளுக்குச் சொன்னால் வந்தது. இசையமைப்பாளர் தொழில்காரர், தன்னிடமிருந்து ஒருநாளும் இப்படி ஒன்று வந்ததில்லை என்பது முதல் நிமிடத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. பெருமை வரவில்லை. பயம்தான் வந்தது, எழுந்து போய் ஜன்னல்களைச் சாத்தினார்.

சாத்தி என்ன செய்ய, சர்க்கரைக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. சாயங்காலமே ஒரு கூடை ஆப்பிளோடு படியேறி வந்தார். பின்னாலேயே மைக்கோடு ஒருங்கிணைப்பாளர். மகளின் கன்னத்தைப் பார்த்துச் சர்க்கரை உச்சுக்கொட்டினார், கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். "பொண்ணுக்கும் வருதாமே ராஜா! குடும்பச் சொத்துன்னா இதுதான்" என்றார். பிறகு குரலை இன்னும் இனிப்பாக்கிக்கொண்டு, விவாகரத்து அது இதுவென்று அவசரப்பட வேண்டாம் என்றார். மாப்பிள்ளையிடம் தானே பேசிவிட்டதாகவும், அவர் தங்கமான பிள்ளை என்றும், ஒத்துழைப்பதாகச் சொல்லியிருக்கிறார் என்றும் சொன்னார். "புதுத் தொடர் ஒண்ணு ஆரம்பிக்கிறோம். அது முடியறவரைக்கும் பாப்பா அந்த வீட்டுலயே இருக்கட்டும். ஒரு சின்ன மைக் மட்டும் வெச்சுக்கறோம். யாருக்கும் தொந்தரவு இருக்காது."

ஒருங்கிணைப்பாளர் தன் வேலையில் கெட்டிக்காரர். இந்த இடத்தில் பெரியவருக்கும் ஏதாவது வரும் என்று கணக்குப் போட்டு மைக்கை மூன்றாவது பொத்தானுக்கு நேராக நீட்டினார். இசையமைப்பாளர் அந்த மைக்கைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். தொண்டையில் ஏதோ ஏறிவந்தது. வழக்கப்படி அதை விழுங்கப்போனார், விழுங்க முடியவில்லை. வாய் திறந்துகொண்டது.

"வெளிய போடா!"

அது இசை இல்லை. அறுந்த செருப்பை இழுத்துக்கொண்டு நடப்பதுபோல ஒரு குரல், சுருதியும் இல்லாமல் தாளமும் இல்லாமல். நடுவில் கீச்சென்று உடைந்து, இருமலில் மாட்டி, மறுபடியும் எழுந்தது. "என் பொண்ணு அடிவாங்குறத நீ ரெக்கார்டு பண்ணுவியா? எங்கம்மா செத்ததை வித்தியே, பத்தலயா உனக்கு? போடா! வெளிய போடா!" எச்சில் தெறித்தது. மனைவியும் பக்கத்தில் வந்து நின்று தன் பங்குக்குக் கத்தினாள். அவளுக்குப் பல வருடப் பயிற்சி இருந்ததால் அவள் குரல் ஒழுங்காக வந்தது. சர்க்கரை கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கவனமாகக் கேட்டார். பிறகு ஒருங்கிணைப்பாளரைத் திரும்பிப் பார்த்தார். அவர் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி, "இதுல ஒண்ணும் இல்ல சார். வெறும் சத்தம்" என்றார். கூடை உதைபட்டது. ஆப்பிள்கள் படிப்படியாக உருண்டுபோய்த் தெருவைச் சேர்ந்தன, அவர்கள் இருவரும் அவற்றுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தார்கள். அன்றோடு இசையமைப்பாளரின் நெஞ்சிலிருந்து இசை வருவது நின்றுபோனது.

மறுநாள் மகள் தன் சாமான்களை எடுத்துவரப் புகுந்த வீட்டுக்குப் போனாள். தானும் வந்து நாலு வார்த்தை கேட்கிறேன் என்றார் இசையமைப்பாளர். "நீ பையைப் பிடிச்சுக்கப்பா, போதும். பேச வேண்டியது நான்" என்றாள். மாப்பிள்ளை வாசலிலேயே நின்றிருந்தான், வாயெல்லாம் பல், உள்ளே வா பேசிக்கொள்ளலாம் என்றான். அவள் உள்ளே போகவில்லை. தெருவில் நின்றபடியே சொன்னாள், எல்லாவற்றையும் சொன்னாள். முரசுகளும் கொம்புகளும் தெருமுனை வரை போய்த் திரும்பின. மாடிகளிலெல்லாம் ஆட்கள் வந்து நின்றார்கள். மாப்பிள்ளையின் வாய் அசைந்துகொண்டே இருந்தது, அவன் என்ன சொன்னான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மாமியார்தான் சாமான்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். இசையமைப்பாளர் எல்லாவற்றையும் பையில் அடுக்கினார், அப்பாவும் மகளும் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார்கள்.

சர்க்கரை இப்போதும் பழைய பதிவுகளைத்தான் திருப்பித் திருப்பி ஓட்டிக்கொண்டிருக்கிறார். கேட்டுக் கேட்டு ஜனங்களுக்குப் புளித்துவிட்டது, அறை விழுந்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறார்கள். இசையமைப்பாளர் காலையில் பென்சிலால் எழுதுகிறார். பிரமாதம் என்று சொல்ல முடியாது, ஆனால் அவருடையது. அப்புறம் வெளியே போய் யாரிடமாவது சண்டை போட்டுவிட்டு வருகிறார். பக்கத்து வீட்டுச் சுவர் பாதி இடிந்தாகிவிட்டது. கண்ணாடிக் கடையில் மகள் வேலை பார்க்கும்போது சில நாள் அவள் புருஷனை விட்டு வந்த விஷயத்தைப் பற்றிக் கேட்க யாராவது பெண் வருவாள், தனக்கும் அப்படித்தான் என்பாள். மகள் மறைக்காமல் சொல்வாள். முரசு கிளம்பும், அலமாரியில் கண்ணாடிகள் நடுங்கும், மற்ற வாடிக்கையாளர்கள் மூக்குக்கண்ணாடிச் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அது அடங்கட்டும் என்று காத்திருப்பார்கள். ஊருக்கு அது பழகிவிட்டது. எப்போதாவது வெளியூர்க்காரன் ஒருவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அவள் பக்கம் நீட்டுவான். அப்போது மூலை நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கும் கிழவர், கடைக்கே தூக்கிவாரிப்போடும்படி, கொஞ்சமும் சுருதியில்லாத குரலில் "கீழ வைடா!" என்று கத்துவார். போன் கீழே இறங்கும். மகள் அடுத்த ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரியைப் படிக்கச் சொல்வாள்.