இருமலுக்குப் பொறுப்பேற்றவர்

புதிதாக வாங்கும் பன்றியை ஒரு மாதம் தனிக் கொட்டகையில் வைத்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும் என்பது பண்ணையில் மனைவி போட்ட சட்டம். தங்கையின் பிரசவத்துக்காக அவள் இரண்டு மாதம் ஊருக்குப் போயிருந்தபோது கணவர் ஓர் ஆண் பன்றியை வாங்கினார். கொட்டகைக்குக் கொட்டகை பூட்ஸ் மாற்ற அலுப்புப்பட்டு, முதல் நாளே அதைப் பெரிய கொட்டகைக்குள் விட்டுவிட்டார். அவள் திரும்பியதும், சட்டப்படி எல்லாம் நடந்ததாகக் கூசாமல் சொன்னார்.

மறுநாள் காலை தீவன வாளிச் சத்தம் கேட்டுப் பன்றிகள் எழுந்தன. மூலையில் ஒன்று வறட்டு இருமல் இருமியது. மனைவி திரும்பிப் பார்த்தாள். கணவர் சட்டென்று தானும் இருமி வைத்தார்.

"தூசிம்மா," என்றார்.

அன்றிலிருந்து பன்றி இருமும்போதெல்லாம் அவரும் இருமினார். மூன்று பன்றிகள் ஒன்றாக இருமினால் அவர்பாடு திண்டாட்டம்தான். மனைவி வேளைக்கு ஒரு டம்ளர் கசப்புக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தாள். தைலத்தை நெஞ்சில் தேய்த்தாலே போதுமென்று அவர் கெஞ்சியும் விடவில்லை. மூன்று நாளில் அவர் நாக்கு செத்துப்போனது.

நான்காம் நாள் கால்நடை மருத்துவர் வந்து இறங்கினார். அந்த அம்மாள் பன்றிகளைச் சோதித்துவிட்டு, நுரையீரலில் கிருமித் தொற்று, புதிதாக வந்த பன்றியின் மூச்சுக்காற்று வழியாக மற்றவற்றுக்கும் பரவியிருக்கிறது, மனிதர்களுக்குத் தொற்றாது என்றார். கணவருக்கு இருமல் அந்த நிமிடமே நின்றுவிட்டது.

"ஏங்க, பன்னி வாயைத் திறந்த அப்புறம்தான் நீங்க வாயைத் திறந்தீங்க. எனக்குத் தெரியாதா?" என்றாள் மனைவி. "மொத நாளே டாக்டருக்குப் போன் பண்ணிட்டேன். இன்னைக்குத்தான் வர முடியும்னாங்க."

"அப்போ எதுக்கு எனக்குக் கஷாயம்?"

"டாக்டர் வர்ற வரைக்கும் சும்மா இருப்பானேன்னுதான்."

மருத்துவர் குனிந்து பையில் எதையோ வெகுநேரம் தேடினார். அவர் தோள்கள் குலுங்கின.

தண்ணீரில் மருந்து கலந்ததிலும் ஊசி போட்டதிலும் எல்லாப் பன்றிகளும் பிழைத்தன. குட்டிகளுக்கு மட்டும் வளர்த்தி மட்டுப்பட்டது. அவற்றைப் பார்க்கும்போது கணவருக்கு மனசு உறுத்தும். ஊசி நாட்களில் ஒவ்வொன்றையும் அவரே கட்டிப்பிடித்தார். திமிறிய ஆண் பன்றி அவரைச் சேற்றில் உருட்டியபோது, மனைவி கை கொடுக்காமல், பிடியை விட்டுவிட வேண்டாமென்று மட்டும் சொன்னாள்.